வீடு உங்களுடையது, கூரை யாருடையது?

ஹவுசிங் அசோசியேஷன் (லாப நோக்கமில்லாமல் வீடுகளை நடத்தும் அமைப்பு) கட்டடங்களில் லீஸுக்கு வீடு வாங்கியவர்கள் கேள்விகளை அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங், கிராய்டன் என்று லண்டனின் எல்லாத் திசையிலிருந்தும் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஒருவர் எழுதியிருந்த ஒரு வரியை மட்டும் அப்படியே தருகிறேன்: "எங்கட வீடுதானே, பிறகேன் இவங்களுக்குக் காசு கட்டிக்கொண்டே இருக்கிறம்?"

நியாயமான கேள்விதான். ஆனால் நீங்கள் வாங்கியது கட்டடத்தை அல்ல. ஒரு கட்டடத்துக்குள் ஒரு குறிப்பிட்ட இடத்தில் 99 வருடமோ 125 வருடமோ இருப்பதற்கான உரிமையை வாங்கியிருக்கிறீர்கள். நிலம், வெளிச்சுவர், கூரை, படிக்கட்டு எல்லாம் அசோசியேஷனுடையவை. அவற்றைப் பழுதில்லாமல் வைத்திருப்பது அவர்கள் கடமை, அதற்கான செலவில் உங்கள் பங்கைக் கொடுப்பது உங்கள் கடமை. இந்த இரண்டையும் சொல்லும் பத்திரம்தான் லீஸ். வாங்கும்போது வக்கீல் கொடுத்திருப்பார், அநேகமாக எங்காவது ஒரு சூட்கேஸுக்குள் கிடக்கும். கிடைக்காவிட்டால் லேண்ட் ரெஜிஸ்ட்ரி என்ற அரசாங்க நிலப் பதிவகத்தில் சிறு கட்டணம் கட்டி நகல் எடுக்கலாம். கீழே நான் சொல்லும் எதையும் உங்கள் லீஸோடு வைத்துப் பார்த்தபிறகே நம்புங்கள், ஒரு லீஸைப் போல இன்னொன்று இருக்காது. அப்புறம், இதெல்லாம் இங்கிலாந்துக்கான பதில்கள். ஸ்காட்லாந்தில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: அக்கா, எங்கள் கட்டடம் முன்பு கவுன்சிலுடையது, பிறகு ஹவுசிங் அசோசியேஷனுக்குக் கைமாறியது. ரைட் டு பையில் (வாடகைக்கு இருந்த கவுன்சில் வீட்டையே தள்ளுபடியில் வாங்கும் திட்டம்) வாங்கிய ஒருவரிடமிருந்து 2016இல் நாங்கள் வாங்கினோம். இப்போது கூரையும் ஜன்னல்களும் மாற்றப்போகிறார்களாம், எங்கள் பங்கு 18,400 பவுண்ட் என்று கடிதம் வந்திருக்கிறது. போன வருடமும் ஏதோ கடிதம் வந்தது, விளங்காததால் பேசாமல் வைத்துவிட்டோம். லண்டனில் 15,000க்கு மேல் கேட்க முடியாது என்று கோயிலில் ஒருவர் சொன்னார். உண்மையா? கணவர் டாக்ஸி ஓட்டுகிறார், நான் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். இவ்வளவு காசுக்கு எங்கே போவோம்? (வாசகி, ஈஸ்ட் ஹாம்)

பதில்: தங்கச்சி, முதலில் அந்தப் பழைய கடிதத்தைத் தேடி எடுங்கள். அதுதான் இந்த விஷயத்தின் உயிர்நாடி.

ஒரு வேலைக்கு எந்த ஒரு லீஸ்ஹோல்டரின் பங்காவது 250 பவுண்டைத் தாண்டும் என்றால், வேலை தொடங்கும் முன்பே அசோசியேஷன் உங்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் லேண்ட்லார்ட் அண்ட் டெனன்ட் சட்டம், 20ஆம் பிரிவு. அதனால்தான் எல்லோரும் இதை 'செக்ஷன் 20 நோட்டீஸ்' என்கிறார்கள். வழக்கமான முறையில் முதல் நோட்டீஸில் என்ன வேலை, ஏன் செய்கிறோம் என்று சொல்லி 30 நாள் அவகாசம் தருவார்கள். அந்த 30 நாளில் நீங்கள் ஆட்சேபிக்கலாம், உங்களுக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டரின் பெயரைக்கூடக் கொடுக்கலாம். பிறகு விலைப்புள்ளிகளோடு இரண்டாவது நோட்டீஸ், மறுபடி 30 நாள். ஆனால் பெரிய அசோசியேஷன்கள் பலவும் ஏதாவது ஒரு கம்பெனியோடு பல வருட ஒப்பந்தம் போட்டு வைத்திருக்கும். அந்த ஒப்பந்தத்துக்கே முதலில் உங்களிடம் கருத்துக் கேட்டிருக்க வேண்டும், அப்படிக் கேட்டிருந்தால் அதன்கீழ் வரும் வேலைகளுக்கு ஒரே ஒரு நோட்டீஸும் 30 நாளும் போதும், கான்ட்ராக்டர் பெயர் சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்காது. உங்களுக்கு வந்தது எந்த வகை என்று கடிதத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

நோட்டீஸே தராமல் வேலையைச் செய்திருந்தால் ஒவ்வொரு லீஸ்ஹோல்டரிடமும் 250 பவுண்டுக்கு மேல் வாங்க முடியாது. இதைக் கேட்டுச் சிலர் துள்ளிக் குதிக்கிறார்கள், கொஞ்சம் பொறுங்கள். அசோசியேஷன் இப்படிப்பட்ட தகராறுகளை விசாரிக்கும் ட்ரிப்யூனலுக்குப் போய் விலக்குக் கேட்கலாம். நோட்டீஸ் சரியாகத் தராததால் லீஸ்ஹோல்டர்களுக்கு உண்மையில் என்ன நட்டம் வந்தது என்பதைத்தான் ட்ரிப்யூனல் பார்க்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட் 2013இல் சொல்லிவிட்டது. ஆகவே அவர்கள் ஒரு தேதியைத் தவறவிட்டார்கள் என்பதற்காக மட்டும் 18,000 பவுண்ட் மறைந்துவிடாது.

15,000 பவுண்ட் கதைக்கு வருவோம். அது பாதி உண்மை. 'ஃபுளோரி சட்டம்' என்று பேச்சுவழக்கில் சொல்லும் 2014ஆம் ஆண்டு உத்தரவு ஒன்று இருக்கிறது. உங்கள் நியூஹாமிலேயே வாழ்ந்த 93 வயது மூதாட்டி ஒருவருக்குக் கூரை வேலைக்காக 50,000 பவுண்டை ஒட்டிய பில் வந்ததுதான் அதற்குக் காரணம். அதன்படி ஐந்து வருட காலத்தில் லண்டனில் 15,000, வெளியே 10,000 என்று உச்சவரம்பு. ஆனால் வேலைக்கு அரசாங்கத்தின் குறிப்பிட்ட நிதியுதவி கிடைத்திருந்தால்தான் அது செல்லும். அசோசியேஷன் தன் கையிலிருந்தே செலவழித்தால் அந்த வரம்பு உங்களைக் காப்பாற்றாது. எனவே கேளுங்கள்: "இந்த வேலைக்கு அரசாங்க நிதி ஏதாவது வாங்கினீர்களா?" எழுத்தில் கேளுங்கள், எழுத்தில் பதில் வாங்குங்கள்.

ஜன்னல்களைப் பற்றியும் கேட்க வேண்டியது இருக்கிறது. பழைய ஜன்னல் உண்மையிலேயே பழுதா, அல்லது புதிதாக, இன்னும் நல்லதாகப் போடுகிறார்களா? பழுது பார்ப்பதும் மேம்படுத்துவதும் சட்டத்தில் ஒன்றல்ல. மேம்பாட்டுக்குக் காசு கேட்க உங்கள் லீஸ் இடம் தர வேண்டும். தந்தாலும், கட்டப்போகிறவர்களின் பண வசதியையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று 2017இல் ஹவுன்ஸ்லோ கவுன்சில் சம்பந்தப்பட்ட வழக்கில் அப்பீல் கோர்ட் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. கட்டடத்தைப் பரிசோதித்த சர்வேயரின் அறிக்கையைத் தரச்சொல்லிக் கேளுங்கள்.

எல்லாம் சரியாக இருந்து கட்டத்தான் வேண்டும் என்று ஆனால், முழுத்தொகையையும் ஒரே தடவையில் கட்ட முடியாது என்று உடனே சொல்லிவிடுங்கள். பல அசோசியேஷன்கள் தவணைக்குச் சம்மதிக்கும். சொந்தமாகக் குடியிருப்பவர்களுக்குக் கூடுதல் காலமும் தருவார்கள். மற்ற லீஸ்ஹோல்டர்களின் கதவையும் தட்டுங்கள். தனியாக எழுதும் கடிதம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தாலும், பன்னிரண்டு வீட்டார் கையெழுத்துப் போட்ட கடிதத்துக்குப் பதில் வரும்.

கேள்வி: கட்டடப் பராமரிப்புக்காக நாங்கள் கட்டும் சர்வீஸ் சார்ஜ் இரண்டே வருடத்தில் ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. படிக்கட்டைக் கூட்டுவதற்குக்கூட ஒருவரும் வருவதில்லை. கோபத்தில் ஏழு மாதமாகக் கட்டுவதை நிறுத்திவிட்டேன். நான் செய்தது சரிதானே? (வாசகர், ஹாரோ)

பதில்: கோபம் சரி. நிறுத்தியது சரியில்லை அண்ணா.

நம் ஆட்களில் இரண்டு வகையினரைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். ஒரு வகையினர் வந்த பில்லை வாயே திறக்காமல் கட்டுகிறார்கள். இன்னொரு வகையினர் ஒருநாள் பொறுமை இழந்து எதையுமே கட்டாமல் விடுகிறார்கள். கட்டாமல் விட்டால் அசோசியேஷன் கவுண்டி கோர்ட்டுக்குப் போகலாம், தீர்ப்பு உங்களுக்கு எதிராக வந்தால் கிரெடிட் ரெக்கார்டில் கறை விழும். இல்லாவிட்டால் அவர்கள் உங்கள் மார்ட்கேஜ் வங்கிக்கு எழுதுவார்கள். லீஸ் பறிபோய்விடுமோ என்ற பயத்தில் வங்கி அந்தத் தொகையைக் கட்டிவிட்டு உங்கள் கடனோடு சேர்த்துவிடும். லீஸையே ரத்துச் செய்யக் கேட்கும் வழியும் சட்டத்தில் இன்னும் இருக்கிறது. பாக்கி 350 பவுண்டைத் தாண்டவில்லை என்றால் அந்த வழியில் போக முடியாது, மூன்று வருடத்துக்கு மேல் கிடந்த பாக்கி என்றால் ஒழிய. தாண்டினாலும், அந்தப் பணம் உண்மையில் கட்ட வேண்டியதுதான் என்று ஒரு ட்ரிப்யூனலோ கோர்ட்டோ முதலில் சொல்ல வேண்டும், அல்லது நீங்களே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். ஒரே இரவில் வீடு போய்விடாது. ஆனாலும் ஏழு மாதம் என்பது விளையாட்டில்லை.

அப்போ என்ன செய்வது? பாக்கியைக் கட்டுங்கள், கட்டும்போதே "இந்தத் தொகையை நான் ஏற்கவில்லை, மறுப்போடு கட்டுகிறேன்" என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பணத்தைக் கட்டியதாலேயே நீங்கள் ஒத்துக்கொண்டதாக ஆகாது, சட்டத்திலேயே அப்படி எழுதியிருக்கிறது. பிறகு கணக்கைக் கேளுங்கள். முடிந்த கணக்கு ஆண்டின் செலவுச் சுருக்கத்தை எழுத்தில் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. சுருக்கம் கையில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் பில், ரசீது, இன்வாய்ஸ் எல்லாவற்றையும் நேரில் பார்க்கவும் கேட்கலாம். தகுந்த காரணமில்லாமல் மறுப்பது குற்றம்.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் எங்கள் கட்டடத்துக்கு வந்த கணக்கில் 'டோர் என்ட்ரி பராமரிப்பு' என்று ஒரு பெரிய தொகை இருந்தது. எங்கள் வாசலில் அப்படி ஒரு கருவியே கிடையாது, சாவி போட்டுத்தான் திறக்கிறோம். மூன்று தடவை போன் பண்ணினேன், மூன்று பேரும் "பார்த்துச் சொல்கிறோம்" என்றார்கள். கடைசியில் சட்டப்பிரிவைக் குறிப்பிட்டு ரசீதுகளைப் பார்க்க வேண்டும் என்று கடிதம் எழுதினேன், நானும் கீழ்வீட்டு ஆன்ட்டியும் அவர்கள் அலுவலகத்துக்கே போனோம். ஒரு பெட்டி நிறையக் காகிதம். இரண்டு மணிநேரம் தேடிப் பார்த்தால் அந்த இன்வாய்ஸில் இருந்த முகவரி இரண்டு தெரு தள்ளியிருக்கும் வேறொரு கட்டடத்துடையது! பதினாறு வீட்டுக்காரர்கள் நான்கு வருடமாக அடுத்தவர் கதவுக்குக் காசு கட்டியிருக்கிறோம். அந்தப் பணம் திரும்பி வந்தது. யாரும் பார்க்கவில்லை என்றால் யாருக்கும் தெரிந்திருக்காது, அதுதான் என் மனதை இன்றைக்கும் உறுத்துகிறது.

இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். பில்லோடு உங்கள் உரிமைகளையும் கடமைகளையும் சொல்லும் ஒரு தாள் வந்திருக்க வேண்டும். அது இல்லாவிட்டால், அது வரும்வரை பணத்தை நிறுத்தி வைக்கச் சட்டமே இடம் தருகிறது. நிறுத்துவதற்கு உள்ள முறையான வழி அது. அடுத்தது 18 மாதக் கணக்கு. ஒரு செலவு செய்து 18 மாதம் ஆனபிறகுதான் முதல்முறையாகக் கேட்கிறார்கள், நடுவில் "இப்படி ஒரு செலவு ஆகியிருக்கிறது, பின்னால் கேட்போம்" என்று எழுத்தில் சொல்லவும் இல்லை என்றால், அதை உங்களிடம் வாங்க முடியாது.

தொகை நியாயமா என்று தீர்மானிப்பது ஃபர்ஸ்ட் டயர் ட்ரிப்யூனலின் ப்ராப்பர்ட்டி சேம்பர். வக்கீல் இல்லாமலே போகலாம், விண்ணப்பக் கட்டணம் நூறு பவுண்டுக்குச் சற்று மேல், விசாரணைக்குத் தனிக் கட்டணம் உண்டு. விண்ணப்பிக்கும்போதே '20சி' பிரிவின்கீழும் ஒரு உத்தரவு கேளுங்கள். கேட்காவிட்டால், உங்களோடு வழக்காடிய வக்கீல் செலவை அசோசியேஷன் அடுத்த வருட சர்வீஸ் சார்ஜில் சேர்த்து உங்களிடமே வாங்கப் பார்க்கும்.

படிக்கட்டைக் கூட்டாதது, கடிதத்துக்குப் பதில் போடாதது போன்றவற்றுக்கு வழி வேறு. அசோசியேஷனின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். முறைப்பாடு கிடைத்ததை 5 வேலை நாளில் ஒத்துக்கொண்டு, அதிலிருந்து 10 வேலை நாளில் முதல் கட்டப் பதில் தர வேண்டும், திருப்தியில்லை என்றால் இரண்டாம் கட்டத்துக்கு 20 வேலை நாள். நியாயமான காரணம் சொல்லி நீட்டிக்கலாம், ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் நீட்டிக்க முடியாது. இந்த விதிமுறை 2024 ஏப்ரல் முதல் சட்டபூர்வமானது. அதுவும் சரிவராவிட்டால் வீட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் சுயாதீன அமைப்பான ஹவுசிங் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம், ஒரு பென்ஸும் செலவில்லை. வாடகைக்கு இருப்பவர்களுக்கு மட்டும்தான் ஓம்புட்ஸ்மன் என்று பலர் நினைக்கிறார்கள். லீஸ்ஹோல்டர்களும் போகலாம்.

கேள்வி: மேல்வீட்டுக் குளியலறையிலிருந்து தண்ணீர் ஒழுகி எங்கள் கூரைப்பலகை, சோபா, மகளின் லேப்டாப் எல்லாம் போய்விட்டது. அசோசியேஷன் "அது உங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்" என்கிறது. (வாசகி, டூட்டிங்)

பதில்: முழுக்க அப்படி இல்லை. கட்டடக் காப்புறுதியைப் பெரும்பாலும் அசோசியேஷன்தான் எடுத்திருக்கும், அந்தப் பிரீமியத்தில் உங்கள் பங்கு சர்வீஸ் சார்ஜில் போகிறது. கூரைப்பலகைக்கு அந்தப் பாலிசியின் நகலைக் கேட்டு அதில் கிளெய்ம் செய்யுங்கள். காப்புறுதி தராத முதல் சில நூறு பவுண்டை யார் ஏற்பது என்று பாலிசியில் பாருங்கள். சோபாவும் லேப்டாப்பும் உங்கள் சொந்தக் கன்டென்ட்ஸ் காப்புறுதியில்தான் வரும். அது இல்லாமல் இருக்கிற வீடுகள் எத்தனையோ, மாதம் ஒரு சிறிய தொகைதான், தயவுசெய்து எடுத்து வையுங்கள்.

மேல்வீட்டார் கவனக்குறைவாக இருந்தார்கள் என்று காட்ட முடிந்தால்தான் அவர்களிடம் நட்டஈடு கேட்கலாம். குழாய் திடீரென்று வெடித்தால் அது அவர்கள் பிழையல்ல, ஒழுகுகிறது என்று நீங்கள் சொல்லியும் ஒரு மாதம் பேசாமல் இருந்தார்கள் என்றால் அது வேறு. ஆகவே முதல் நாளே எழுத்தில் சொல்லுங்கள், படம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: நாங்கள் கார்பெட்டைக் கழற்றிவிட்டு லேமினேட் போட்டோம். பிள்ளைக்கு ஆஸ்துமா, தூசு ஆகாது. கீழ்வீட்டுக்காரர் சத்தம் என்று புகார் செய்து, இப்போது "லீஸை மீறிவிட்டீர்கள்" என்று கடிதம். அடுத்த மாதம் சமையலறைச் சுவரை உடைத்து ஹாலோடு சேர்க்கவும் ஆள் பேசியிருக்கிறேன். (வாசகர், லூயிஷம்)

பதில்: சுவர் உடைக்க வருகிறவரை இன்றைக்கே நிறுத்துங்கள்.

சுவரில் கை வைப்பதற்கு அசோசியேஷனின் எழுத்துமூல அனுமதி வேண்டும். கட்டடத்தைத் தாங்கும் சுவர் என்றால் அது அவர்களுடைய சொத்து, உங்கள் வீட்டுக்கு நடுவில் நின்றாலும்கூட. அனுமதிக்குக் கட்டணம் வாங்குவார்கள், சர்வேயரை அனுப்புவார்கள், கட்டட விதிகளைச் சரிபார்க்கும் பில்டிங் கண்ட்ரோலின் சான்றிதழும் வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அனுமதியில்லாமல் உடைத்தால் வீட்டை விற்கும் நாளில் வாங்குபவரின் வக்கீல் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும், அப்போது விற்பனை அந்தரத்தில் நிற்கும்.

தரைக்கு வருவோம். பழைய லீஸ்களில் பெரும்பாலும் "சமையலறை, குளியலறை தவிர எல்லா இடத்திலும் கார்பெட் இருக்க வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். உங்கள் லீஸில் இருந்தால் நீங்கள் மீறியது உண்மை. பிள்ளையின் ஆஸ்துமாவுக்கு டாக்டரின் கடிதம் வாங்கி, அடியில் நல்ல சத்தத்தடுப்பு விரிப்புப் போடுகிறேன், ஏற்கெனவே போட்ட தரைக்கு இப்போது அனுமதி தாருங்கள் என்று கேளுங்கள். இப்படிக் கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. கீழ்வீட்டாரோடும் ஒருமுறை நேரில் பேசுங்கள். இரவு பத்து மணிக்குமேல் தரையில் வைத்து மிக்சி அடிப்பதில்லை என்று நீங்களாகச் சொன்னாலே பாதிப் பகை குறையும்.

கேள்வி: ஷேர்டு ஓனர்ஷிப்பில் (வீட்டின் ஒரு பங்கை வாங்கி, மீதிக்கு வாடகை கட்டும் முறை) 40 சதவீதம் வாங்கியிருக்கிறேன். பாய்லர் பழுதானபோது முழுச் செலவும் என் தலையில். மீதி 60 சதவீதம் அவர்களுடையதுதானே, பாதியாவது தரக்கூடாதா? (வாசகி, கிழக்கு லண்டன் பார்க்கிங்)

பதில்: இந்தக் கேள்வியைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது, உங்கள் மேல் அல்ல. வாங்கும் நாளில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டியவர்கள் மேல்தான். விளம்பரத்தில் 'பாதி வாங்குங்கள், பாதிக்கு வாடகை' என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். பழுதுச் செலவும் சர்வீஸ் சார்ஜும் நூற்றுக்கு நூறு உங்களுடையவை என்பது லீஸுக்குள் எங்கோ இருக்கிறது.

உங்கள் லீஸ் பழைய மாதிரியா புதியதா என்று பாருங்கள். 2021இல் அரசாங்கம் கொண்டுவந்த புதிய மாதிரியில், புதிதாகக் கட்டிய வீட்டுக்கு முதல் 10 வருடம் வீட்டுக்குள் வரும் சில அவசியப் பழுதுகளுக்கு வருடத்துக்கு 500 பவுண்ட் வரை அசோசியேஷனிடம் கேட்கலாம். வெளிச்சுவர், கூரை போன்ற பெரிய பழுதும் அந்தக் காலத்தில் அவர்கள் பொறுப்பு. பழைய மாதிரியில் இது கிடையாது. 2021க்குப் பிறகு வாங்கியவர்கள் எல்லோருக்கும் புதிய மாதிரி கிடைத்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம். முன்பே திட்டமிட்ட கட்டடங்கள் பழைய லீஸோடுதான் விற்கப்பட்டன.

வாடகை எப்படி ஏறும் என்ற பகுதியையும் ஒருமுறை படியுங்கள். பழைய லீஸ்களில் பெரும்பாலும் ஆர்பிஐ என்ற பணவீக்கக் குறியீட்டுக்கு மேல் 0.5 சதவீதம். 2023 அக்டோபருக்குப் பிறகு வந்த புதிய மாதிரி லீஸ்களில் சிபிஐ என்ற இன்னொரு பணவீக்கக் குறியீட்டோடு 1 சதவீதம். வாடகைப் பாக்கி வைக்கவே வைக்காதீர்கள், வேறு எதையாவது தள்ளிப்போடுங்கள். ஷேர்டு ஓனர் வாடகைப் பாக்கியில் வீட்டையும் போட்ட முதலையும் இழந்த வழக்கு 2007இல் நடந்திருக்கிறது. கஷ்டம் என்றால் பாக்கி விழும் முன்பே அசோசியேஷனோடு பேசுங்கள். அனுமதியில்லாமல் வாடகைக்கும் விட்டுவிடாதீர்கள், ஊருக்கு ஆறு மாதம் போகிறோம் என்று தெரிந்தவர்களை வைத்துவிட்டுப் போவதும் அதில் சேரும்.

கேள்வி: பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருப்பவருக்குப் பூஞ்சை பிடித்ததும் புதிய சட்டத்தின்படி உடனே வந்து பார்த்தார்கள். அதே கட்டடம், அதே சுவர், எங்களுக்கு வரமாட்டார்களாம். ஏன் இந்தப் பாகுபாடு? (வாசகர், என்ஃபீல்ட்)

பதில்: ரொச்டேலில் 2020 டிசம்பரில் பூஞ்சையால் இறந்த இரண்டு வயதுக் குழந்தை அவாப் இஷாக்கின் பெயரால் வந்த சட்டம் அது. 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறையில் இருக்கிறது. சமூக வீடுகளில் வாடகைக்கு இருப்பவர்களுக்காக வந்தது. நீண்டகால லீஸ்ஹோல்டர்களுக்கு அது கிடையாது.

ஆனால் உங்கள் கையில் லீஸ் இருக்கிறது. ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் கேள்வி. வெளிச்சுவரில் விரிசல், உடைந்த பீலி, கூரை ஓட்டை என்றால் அது அசோசியேஷன் பழுது பார்க்க வேண்டியது, லீஸிலேயே அந்தக் கடமை எழுதப்பட்டிருக்கும். அவர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள், தெரிவித்த நாளிலிருந்துதான் அவர்கள் பொறுப்பைப் பேச முடியும். வெளிச்சுவர் காரணம் என்று ஒரு சுயாதீன சர்வேயர் எழுதித் தந்தால் பேச்சு மாறும். மாறாக, குளிர்காலத்தில் ஜன்னல் திறக்காமல் சமைப்பதும் ரேடியேட்டரில் உடுப்புக் காயப்போடுவதும்தான் காரணம் என்றால் அதைச் சரிசெய்வது உங்கள் பக்கம். இரண்டும் சேர்ந்தே இருக்கும் வீடுகளும் உண்டு. ஒன்றை மட்டும் பார்த்து எல்லாப் பழியையும் குடும்பத்தின் மேல் போட்டால் ஏற்றுக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: லீஸில் 82 வருடம் மீதி. நீட்டிக்க அவசரமில்லை, சட்டம் மாறப்போகிறது, பொறுத்திருங்கள் என்கிறார் நண்பர். (வாசகர், கிராய்டன்)

பதில்: நண்பர் சொல்வது ஓரளவு சரி. 2024இல் நிறைவேறிய லீஸ்ஹோல்ட் சீர்திருத்தச் சட்டத்தில் 990 வருட நீட்டிப்பு இருக்கிறது, லீஸ் நீள்வதால் வீட்டின் மதிப்பு ஏறுவதில் ஒரு பங்காகக் கட்டும் 'மேரேஜ் வேல்யூ' என்ற கூடுதல் தொகையை ஒழிக்கும் பிரிவும் இருக்கிறது. ஆனால் இதை எழுதும்வரை அந்தப் பகுதிகள் நடைமுறைக்கு வரவில்லை. வந்தது ஒன்று: வீட்டை வாங்கி இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும் என்ற விதி 2025 ஜனவரி 31 முதல் இல்லை.

இன்றைய நிலையில் மீதிக்காலம் 80 வருடத்துக்குக் கீழே இறங்கினால் அந்தக் கூடுதல் தொகையும் சேரும், ஆயிரக்கணக்கில் ஏறலாம். உங்களுக்கு 82. இரண்டு வருடம் சும்மா இருந்தால் கோட்டைத் தொட்டுவிடுவீர்கள். நானாக இருந்தால் இப்போதே இந்தத் துறையில் வேலை செய்யும் சர்வேயரிடம் ஒரு மதிப்பீடு வாங்கி, 81 ஆகும்போது நோட்டீஸ் கொடுக்கத் தயாராக இருப்பேன். நோட்டீஸ் கொடுத்த தேதிதான் மதிப்பீட்டுத் தேதி, பேச்சு எவ்வளவு இழுத்தாலும் கவலையில்லை. 90 வருடம் கூடும், நிலத்துக்கென்று கட்டும் கிரவுண்ட் ரெண்டும் போய்விடும். அசோசியேஷனின் நியாயமான வக்கீல், மதிப்பீட்டுச் செலவையும் நீங்கள்தான் ஏற்க வேண்டும் என்பதைக் கணக்கில் வையுங்கள். மேலே எழுதிய பார்க்கிங் வாசகி போன்ற ஷேர்டு ஓனர்களுக்கு இந்த உரிமை இன்னும் சட்டப்படி கிடையாது, அசோசியேஷன் தானாகச் சம்மதித்தால்தான்.

கேள்வி: எங்கள் முன்கதவு பழையது, அழகான கண்ணாடி வைத்த கதவாக மாற்ற ஆசை. சொந்த வீட்டுக் கதவுக்கும் அனுமதி வேண்டுமா? (வாசகி, வெம்ப்ளி)

பதில்: வேண்டும். பொது நடைபாதையைப் பார்த்துத் திறக்கும் ஃபிளாட் கதவு வெறும் கதவல்ல, உங்கள் வீட்டில் தீப்பிடித்தால் புகை படிக்கட்டுக்குப் போகாமல் தடுப்பது அதுதான். லண்டனின் கிரென்ஃபெல் டவர் அடுக்குமாடியில் 2017 ஜூன் 14 அன்று பிடித்த தீயில் 72 உயிர்கள் போனபிறகு நடந்த விசாரணையில் கதவுகளைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. 11 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்களில் இப்போது ஒவ்வொரு ஃபிளாட் கதவையும் வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிக்க அசோசியேஷன் தன்னால் ஆனதையெல்லாம் செய்ய வேண்டும். ஆள் வந்தால் கதவைத் திறந்து விடுங்கள். தானாக மூடிக்கொள்ளும் கை இடைஞ்சலாக இருக்கிறது என்று கழற்றி வைத்திருந்தால் இன்றைக்கே திரும்ப மாட்டுங்கள்.

கண்ணாடி வைத்த தீத்தடுப்புக் கதவுகளும் இருக்கின்றன. சான்றிதழ் உள்ள கதவாகத் தேர்ந்து, படத்தோடு அசோசியேஷனுக்கு எழுதுங்கள், அனுமதி கையில் வந்தபிறகு ஆர்டர் கொடுங்கள். கதவு லீஸ்படி யாருடையது என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். அவர்களுடையது என்றால் பழைய கதவை மாற்றித்தர வேண்டியவர்களே அவர்களாக இருக்கலாம்.